ஓடுற ஒரு மணி நேரத்துக்கு நாய் தேடாதீங்க

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே. எனக்கு 32 வயசு, வீட்டுக்காரிக்கு 30. ரெண்டு பேருமே ஓடுற ஆளுங்க, வாரத்துல அஞ்சு நாள் இருட்டோட கெளம்பி ஏழெட்டு கிலோமீட்டர் ஓடுவோம், லீவு நாள்ல மலையேற்றம், சைக்கிள்னு எங்கயாவது போயிருவோம், சும்மா உக்காந்தா எங்களுக்கு இருப்பு கொள்ளாது. மாசத்துல பத்து நாள் நான் வேலையா வெளியூர் போயிடுவேன், அப்ப அவ தனியாதான் ஓடணும். போன மாசம் ஒருத்தன் பைக்ல மூணு தடவ சுத்தி சுத்தி பின்னாடியே வந்திருக்கான், ஒண்ணும் ஆகல, ஆனா அதோட அவ தனியா ஓடறதையே விட்டுட்டா. கூடவும் ஓடணும், வீட்டையும் பாத்துக்கணும், அப்படி ஒரு நாய் வளக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். எனக்கு பெல்ஜியன் மாலினோய் மேல ஆசை, வீடியோல பாத்து பாத்து மனசுல ஒட்டிக்கிச்சு. அவளுக்கு ஜெர்மன் ஷெப்பர்ட். ஃப்ரெண்டு ஒருத்தன் ராட்வைலர் வாங்கு, பாத்தாலே பயப்படுவாங்கன்றான். தனி வீடு, காம்பவுண்டு இருக்கு, அவ வீட்ல இருந்துதான் வேலை பாக்குறா. சின்ன வயசுல எங்க வீட்ல நாய் இருந்துச்சு, ஆனா பழக்குனதெல்லாம் அப்பாதான். ரெண்டு வருஷத்துல குழந்தை பெத்துக்கற எண்ணமும் இருக்கு. எத வாங்கலாம்?

பதில்: தம்பி, ஓடறத பத்தி நெறைய எழுதிருக்கீங்க, மிச்ச நேரத்த பத்தி “வீட்ல இருந்துதான் வேலை பாக்குறா”ன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. நாய் தேடுறவங்க பாதி பேர் சறுக்குற எடம் அதுதான். நீங்க ஓடப் போறது ஒரு மணி நேரம், மலையேறுறது வாரத்துல ஒரு நாள். மிச்ச நேரம் பூரா அந்த நாய் தங்கச்சி லேப்டாப்ப தொறந்து வெச்சு மீட்டிங்ல பேசிட்டு இருக்கும்போது பக்கத்துல படுத்து கெடக்கணும். நல்லா ஓடுற நாய் நெறைய இனத்துல இருக்கு, ஓடி முடிச்சிட்டு வந்து அடங்கி படுக்குற நாய்தான் அத விட கம்மி. உங்களுக்கு வேண்டியது அந்த ரெண்டாவது வகை.

அதோட பாதுகாப்புன்னு நீங்க எத சொல்றீங்கன்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கோங்க. யாரோ வர்றாங்கன்னு குரல் குடுக்குற நாய் ஒண்ணு. வர்றவனுக்கும் உங்களுக்கும் நடுவுல வந்து நிக்கிற நாய் ஒண்ணு. சொன்னா கடிக்க, சொன்னா விட பழக்குன நாய் மூணாவது, அது போலீஸ் வேலைக்கும், ஐஜிபின்னு வேலை நாய்ங்களுக்குன்னே நடக்குற போட்டிக்கும் போறது, அந்த போட்டியில மோப்பம், கீழ்ப்படிதல், காவல்னு மூணு பிரிவு இருக்கு, அந்த அளவுக்கு ஒரு நாய கொண்டு வரணும்னா ரெண்டு மூணு வருஷம் அதுவே வேலையா இருக்கணும். பைக்ல சுத்துனவனுக்கு மொத ரெண்டு வகையே போதும். நிமிர்ந்து நடக்குற முப்பது கிலோ நாய் ஒண்ணு கூட ஓடுனா அந்த மாதிரி ஆளுங்க பெரும்பாலும் வேற பக்கம் திரும்பிடுவாங்க, கடிக்க வேண்டிய அவசியமே வராது.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க. எதப் பாத்தாலும் பாஞ்சு குரைக்குற நாய காவலுக்கு சூப்பர் நாய்னு நெனைக்கிறவங்க நெறைய பேரு, அதுல பாதி பயந்த நாய். வால் எங்க இருக்கு, உடம்போட எடை முன்னங்கால்ல இருக்கா பின்னங்கால்லயான்னு பாருங்க, பயந்தது குரைச்சிக்கிட்டே பின்னாடி போகும், அந்தாளு திரும்புனதும் பின்னாடி வந்து கடிச்சிட்டு ஓடும். அது காவல் இல்ல. நாளைக்கு தவழுற உங்க குழந்தையையும் அது அப்படித்தான் பாக்கும்.

எங்க வீட்ல பத்து வருஷம் ஒரு ஷெப்பர்ட் பொட்டை இருந்துச்சு, பேரு செம்பி. ஒரு நாள் பொழுது சாயுற நேரம், வீட்டம்மாவும் நானும் நடந்து வர்றோம், நல்லா குடிச்ச ஆளு ஒருத்தர் எங்கள பாத்து ஏதோ சத்தம் போட்டுகிட்டே குறுக்க வந்தாரு. செம்பி குரைக்கல. ரெண்டு எட்டு முன்னாடி போயி வீட்டம்மா முழங்காலுக்கு முன்னாடி குறுக்க நின்னுச்சு, லீஷ் தொய்ஞ்சேதான் கெடந்துச்சு, ஒரு இழுப்பு இல்ல. அந்தாள பாத்துச்சு, அப்புறம் தலைய திருப்பி என் மூஞ்சிய பாத்துச்சு, மறுபடி அந்தாள பாத்துச்சு. அவரு நின்னுட்டாரு, நாங்க சுத்திப் போயிட்டோம், அவ்ளோதான் கதை. தொய்ஞ்ச லீஷும், என்ன செய்யட்டும்னு நம்ம மூஞ்சிய பாக்குற அந்த பார்வையும் உள்ள நாயதான் நான் நல்ல காவல் நாய்னு சொல்வேன்.

இப்ப இனத்துக்கு வருவோம். உங்க ஆசை மாலினோய், அதையே மொதல்ல பேசிடறேன், வேண்டாம் தம்பி. கெட்ட நாய்னு சொல்லல, பெல்ஜியத்துல மந்தை மேய்க்க உருவான இனம், ஆண் 25லருந்து 30 கிலோதான் இருக்கும், அந்த எடைக்கு அந்த வேகமும் அந்த புத்தியும் வேற நாய்ல பாக்குறது கஷ்டம், அதனாலதான் ராணுவமும் போலீசும் தேடித் தேடி எடுக்குறாங்க. ஆனா அங்க அதுக்குன்னே ஒரு ஆள் இருப்பாரு, நாள் பூரா வேலை குடுப்பாரு. வீட்ல வெச்சா என்ன ஆகும்னு ஒரு தடவ நேர்ல பாத்தேன், உங்கள மாதிரியே ஓடுற குடும்பம்தான், தெனம் பத்து கிலோமீட்டர் ஓட வெச்சாங்க. கதவு நிலையில நாயோட வாய் உசரத்துக்கு மரம் உள்வளைஞ்சு போயிருந்துச்சு, மரத்தூள கூட்டி மூலையில ஒதுக்கி வெச்சிருந்தாங்க, பின்பக்கம் புல்லுல முட்ட வடிவத்துல ஒரு பாதை, அது சுத்தி சுத்தி ஓடியே தேஞ்ச பாதை. பத்து கிலோமீட்டர் பத்தலன்னு பதினஞ்சு ஆக்குனாங்க, நாய்க்கு தெம்பு கூடுச்சே தவிர அடங்கல. ஓட வெச்சு களைக்க வெச்சிரலாம்னு நெனைக்கிறது இந்த இனத்துகிட்ட பலிக்காது, மூளைக்கு வேலை வேணும் அதுக்கு. நீங்க பழக்குற மொத நாய் இதுவா இருக்கக் கூடாது.

ராட்வைலர் நல்ல மனசுக்கார நாய், வீட்டு ஆளுங்க மேல உசுரையே வெச்சிருக்கும். ஜெர்மனியில ராட்வைல்ன்ற ஊர்ல மாடு ஓட்டவும் கசாப்புக்காரங்க வண்டி இழுக்கவும் இருந்த இனம். ஆனா ஆண் 50 கிலோ வரும், அந்த உடம்ப தூக்கிட்டு தெனம் எட்டு கிலோமீட்டர் ஓடுனா மூட்டு தாங்காது, வெயில்ல சீக்கிரம் இரைக்கும், எலும்பு புற்றுநோய் வேற மத்த இனத்த விட அதிகமா வர்ற இனம். நடைக்கு சரி, உங்க ஓட்டத்துக்கு இல்ல. பாக்ஸருக்கு மூக்கு குட்டை, ஓடுற ஆசை நெறைய இருக்கும் ஆனா மூச்சு எடம் குடுக்காது. உடம்பு பெருத்த மாஸ்டிஃப் வகையெல்லாம் யோசிக்கவே வேண்டாம். கங்கல் மாதிரி மந்தைக்கு காவல் நிக்கிற இனங்களும் அப்படித்தான், அதுங்க தானா முடிவெடுக்கவே உருவானது, உங்க மூஞ்சிய பாத்து கேக்காது.

ரொடீஷியன் ரிட்ஜ்பேக்னு ஒண்ணு இருக்கு, நீங்க கேக்கல, நான் சொல்றேன். தெக்கு ஆப்பிரிக்கா பக்கத்து இனம், முதுகுல ஒரு பட்டையா முடி மட்டும் எதிர்த் திசையில வளந்திருக்கும், சிங்க வேட்டைக்கு கூட்டிட்டு போன நாய், அது சிங்கத்த கடிக்காது, வேட்டைக்காரர் வர்ற வரைக்கும் போக்கு காட்டி நிறுத்தி வெக்கும். ஓட்டத்துக்கு இத மிஞ்ச ஆள் இல்ல, வீட்டுக்குள்ள வந்தா பூனை மாதிரி தூங்கும். கொஞ்சம் பிடிவாதம், ஓடுற பிராணிய பாத்தா உங்க குரல் அது காதுல விழாது, லீஷ் இல்லாம விட முடியாது. நல்ல குட்டி கெடைக்கறதும் கஷ்டம், கெடைச்சா விடாதீங்க.

டாபர்மேன பாத்தா, அது உருவான காரணமே உங்க தேவைதான். 1800கள் கடைசியில ஜெர்மனியில அபோல்டான்ற ஊர்ல கார்ல் ஃப்ரீட்ரிக் லூயிஸ் டாபர்மேன்னு ஒருத்தர், வரி வசூல் பண்றவரு, கையில காசோட தனியா நடக்கணும், கூட நடந்துகிட்டே பாத்துக்கற நாய் வேணும்னு உருவாக்குன இனம். இன்னைக்கும் அந்த குணம் அப்படியே இருக்கு, வீட்ல ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்கு போனா கூடவே வந்து கால்ல உரசிக்கிட்டு நிக்கும், ஓட்டத்துக்கும் பிரமாதம், பழக்குறதும் சுலபம். ஒரே ஒரு கவலை, பெரிய கவலை, இதயம். டைலேட்டட் கார்டியோமயோபதின்னு சொல்வாங்க, இதயத் தசை பலமிழந்து விரிஞ்சு போறது, ஐரோப்பாவுல பண்ண ஒரு ஆய்வுல பாதிக்கு மேல டாபர்மேன்களுக்கு வாழ்நாள்ல அது வருதுன்னு பாத்திருக்காங்க. வெளிய ஒண்ணுமே தெரியாம இருந்து ஒரு நாள் ஓடும்போது விழுந்துரும். அப்பன் ஆத்தா ரெண்டுக்கும் எக்கோவும் (இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன்) 24 மணி நேர ஹோல்டரும் (நாள் பூரா இதயத் துடிப்ப பதிவு பண்றது) எடுத்த ரிப்போர்ட்ட காட்டாத ப்ரீடர்கிட்ட வாங்காதீங்க. ரிப்போர்ட் சுத்தமா இருந்தாலும் நீங்களும் மூணு வயசுல ஆரம்பிச்சு வருஷா வருஷம் எடுக்கணும்.

தங்கச்சி சொன்ன ஜெர்மன் ஷெப்பர்டுதான் உங்களுக்கு என்னோட தேர்வு, அதுவும் பொட்டை. 1899ல மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ்னு ஒரு குதிரைப்படை அதிகாரி பதிவு பண்ணி வளத்தெடுத்த இனம், அழகு எதுக்கு, வேலை செய்யணும்னு சொன்ன மனுஷன். பொட்டை 22லருந்து 32 கிலோ, அந்த எடை ஓட்டத்துக்கும் தோது, தங்கச்சி ஒத்தையா லீஷ் புடிக்கவும் தோது. இதுலயும் ரெண்டு பரம்பரை இருக்கு, ஷோவுக்கு வளக்குறது பின்பக்கம் ரொம்ப சரிஞ்சு தவளை மாதிரி கால் வெக்கும், அது வேண்டாம், முதுகு நேரா இருக்கறத பாருங்க. வேலை நாய் பரம்பரையிலயும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காம துள்ளுற குட்டி வேண்டாம், அது பாதி மாலினோய் மாதிரி. இடுப்பு மூட்டுக்கும் முழங்கை மூட்டுக்கும் அப்பன் ஆத்தா எக்ஸ்ரே இருக்கணும், முதுகுத்தண்ட பாதிக்குற டிஜெனரேட்டிவ் மயலோபதிக்கு மரபணு டெஸ்ட் இருக்கு, அதையும் கேளுங்க. முடி மட்டும் வருஷம் பூரா கொட்டும், அதுக்கு வைத்தியம் கெடையாது, சீப்புதான்.

இவ்ளோ இனம் பேசிட்டு ஒரு விஷயம் சொல்லாம விட்டா தப்பு. 2022ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 18,000க்கு மேல நாய்ங்கள பத்தி வளக்குறவங்ககிட்ட கேட்டு, 2,000க்கு மேல நாய்களோட மரபணுவையும் படிச்சாங்க, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்துல இருக்குற வித்தியாசத்துல இனத்தால விளக்க முடியறது சுமார் 9 சதவீதம்தான்னு வந்துச்சு. அதனால இனத்த முடிவு பண்ணதோட வேலை பாதி கூட முடியல, எந்த நாய்ன்றதுதான் கேள்வியே. கலப்பு நாய் ஒண்ணு நல்ல உடம்போட, நிதானமான குணத்தோட வந்து நின்னா அதையே எடுத்துக்கலாம்.

அப்புறம் உங்க ரெண்டு பேருக்குமே தோணாத ஒண்ணு. குட்டி வாங்குனா அது உங்க கூட ஓட ஒன்றரை வருஷம் ஆகும். பெரிய இனத்துல எலும்போட வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நுனியில வளந்துகிட்டே இருக்குற மெத்துன பகுதி, கெட்டியாகி மூட பன்னெண்டுலருந்து பதினெட்டு மாசம் ஆகும், அதுக்குள்ள தார் ரோட்டுல எட்டு கிலோமீட்டர் இழுத்துட்டு ஓடுனா மூட்டு காலத்துக்கும் போச்சு. நீங்க ரெண்டு வருஷத்துல குழந்தைன்றீங்க, அப்ப குட்டி எளந்தாரியாகி சொன்ன பேச்சு கேக்காம திரியுற அதே நேரத்துல வீட்ல கைக்குழந்தையும் இருக்கும். கணக்கு போட்டு பாருங்க. நான் உங்க எடத்துல இருந்தா ரெண்டு மூணு வயசு ஆன, குணம் தெரிஞ்ச பொட்டையதான் தேடுவேன். ஷோவுக்கோ போட்டிக்கோ வெச்சிருந்து தேறலன்னு குடுக்குறவங்க இருக்காங்க, வீடு மாறி விட்டுட்டு போற நாயும் உண்டு, மீட்பு அமைப்புங்ககிட்டயும் கேட்டு பாருங்க. வளந்த நாய் ஒட்டாதுன்னு சொல்றத நம்பாதீங்க, செம்பி எங்ககிட்ட வந்தப்போ வயசு மூணு.

பாக்க போகும்போது ரெண்டு பேரும் போங்க, ஒரு தடவ போயிட்டு வந்து இன்னொரு நாளும் போங்க. பேசிக்கிட்டே கை தவறுன மாதிரி சாவிக்கொத்த தரையில போடுங்க. திடுக்கிட்டு திரும்பிப் பாக்கலாம், தப்பே இல்ல, அஞ்சு பத்து செகண்டுல கிட்ட வந்து மோந்து பாக்குதான்னு கவனிங்க. வந்து மோந்து பாத்துச்சுன்னா நல்ல நாய். கட்டிலுக்கு அடியில போயி அரை மணி நேரம் வரலன்னா வேண்டாம், சாவி மேல பாஞ்சு கடிச்சா அதுவும் வேண்டாம். தங்கச்சி தனியா லீஷ புடிச்சு பத்து நிமிஷம் நடக்கட்டும், நாய் நடுநடுவுல அவ மூஞ்சிய நிமிந்து பாக்குதான்னு நீங்க பின்னாடி இருந்து பாருங்க. அப்புறம் வெறுமனே உக்காருங்க, யாரும் எதுவும் பேசாம. கால் மணி நேரத்துல அது படுத்துதா, இல்ல நடந்துகிட்டே இருக்கா? எனக்கு இந்த கடைசி சோதனைதான் எல்லாத்துக்கும் மேல.

இல்ல, குட்டிதான் வேணும்னு முடிவு பண்ணா ஆத்தாவ பாக்காம எடுக்காதீங்க, புது ஆள பாத்து ஆத்தா ஒடுங்குனாலோ சீறுனாலோ அந்த ஈத்தே வேண்டாம். பொறந்து மூணாவது வாரத்துலருந்து பன்னெண்டு பதினாலு வாரம் வரைக்கும் அதுக்கு ஒலகத்த பழகிக்கிற காலம், அந்த நேரத்துல காவல் நாயாச்சே யாரையும் தொட விடக்கூடாதுன்னு பூட்டி வெப்பாங்க பாருங்க, அங்கதான் பயந்த நாய் உருவாகுது. குடை, தொப்பி, தாடி, சக்கர நாற்காலி, அழுகுற குழந்தை, ஹெல்மெட் போட்ட ஆளு எல்லாத்தையும் அது பாக்கணும், ஊசி முழுசா முடியாதப்போ கையில தூக்கிட்டாவது போங்க. எது சாதாரணம்னு தெரிஞ்ச நாய்க்குத்தான் எது வித்தியாசம்னு தெரியும்.

ஓட ஆரம்பிக்கும்போது ரெண்டு கிலோமீட்டர்ல ஆரம்பிங்க, உள்ளங்கால் தோல் பழக ஒரு மாசம் ஆகும். புறங்கைய தரையில ஏழு செகண்டு வெச்சு பாருங்க, உங்களுக்கு சுட்டா அதுக்கும் சுடும். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, இரைச்சுதான் சூட்ட வெளிய தள்ளும், நாக்கு அகலமா விரிஞ்சு நுனி மேல மடிஞ்சு வந்துச்சுன்னா அங்கயே நிறுத்தி நிழலுக்கு போங்க. உடம்பு சூடு 41 டிகிரி செல்சியஸ தாண்டுனா உசுருக்கு ஆபத்து, தண்ணிய ஊத்திக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடணும். சாப்பிட்ட உடனே ஓட வெக்காதீங்க, ஓடுன உடனே தட்டையும் வெக்காதீங்க. நெஞ்சுக்கூடு ஆழமா இருக்குற இனங்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கிறது உண்டு, வாந்தி எடுக்க பாத்து ஒண்ணும் வராம வயிறு மத்தளம் மாதிரி இருந்தா விடியட்டும்னு காத்திருக்கவே கூடாது.

தங்கச்சிய மறுபடி ஓட சொல்லுங்க. நாய் வர்ற வரைக்கும் யாராவது கூட ஓடட்டும், அந்த பைக் நம்பர் ஞாபகம் இருந்தா போலீஸ்லயும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருங்க.

கேள்வி: காவல் நாய பகல்ல கட்டிப் போட்டு ராத்திரி அவுத்து விட்டாத்தான் கோவம் இருக்கும்னு மாமனார் சொல்றாரு. எங்க ஷெப்பர்ட் எட்டு மாசம் ஆம்பளை. அப்படி கட்டலாமா?

பதில்: வேண்டாம்மா. கட்டிப் போட்ட நாய்க்கு ஓட வழியில்ல, அதனால கிட்ட வர்ற எதையும் பாத்து மொதல்ல பயமும் அப்புறம் ஆத்திரமும்தான் வரும், அது வீட்டு ஆளையும் பாக்காது. எட்டு மாசம்ன்றது அது குணம் உருவாகுற வயசு. வீட்டுக்குள்ள உங்க கூட இருக்கட்டும், யாரு நம்ம ஆளு, எந்த நேரத்துக்கு யாரு வருவாங்கன்னு கூட இருந்தாத்தான் அது தெரிஞ்சுக்கும். மாமாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, தெனம் சாயங்காலம் நாய அவரே நடக்க கூட்டிட்டு போகட்டும், ஒரு மாசத்துல அவரே சங்கிலிய கழட்டிடுவாரு.

கேள்வி: எங்க டாபர்மேனுக்கு அஞ்சு வயசு, கடுவன். தெனம் கூட ஓடுவான். கொஞ்ச நாளா பின்தங்குறான், போன வாரம் ஓடும்போது தடுக்குன மாதிரி விழுந்தான், சில செகண்டுல எழுந்து மறுபடி ஓடுனான். வயசாகுதுன்னு விட்டுடலாமா?

பதில்: விடக் கூடாதுங்க. அஞ்சு ஒரு வயசே இல்ல. விழுந்து எழுந்தது தடுக்குனதா இல்லாம இதயத் துடிப்பு கொஞ்ச நேரம் தப்புனதா இருக்க வாய்ப்பு நெறைய, மேல சொன்ன நோய்க்கு இந்த இனத்துல சில சமயம் மொத அறிகுறியே இதுதான். டாக்டர்கிட்ட இனம், வயசு, ஓடும்போது விழுந்துச்சுன்னு மூணையும் சொல்லுங்க, எக்கோவும் ஹோல்டரும் எடுக்கணும்னு நீங்களே கேளுங்க, ஸ்டெதஸ்கோப் வெச்சு பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னா அதோட திரும்பிடாதீங்க. நோய் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சா பிமோபென்டன்னு ஒரு மருந்து இருக்கு, டாபர்மேன்களுக்கு குடுத்து பாத்ததுல இதயம் செயலிழக்குறத அது தள்ளிப் போட்டிருக்கு, துடிப்பு தப்புறதுக்கும் தனியா மருந்து இருக்கு. இன்னைக்கே கூட்டிட்டு போங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் ஓட்டம் வேண்டாம், மெதுவா வாசல் வரைக்கும் நடந்துட்டு வந்தா போதும்.